முப்பத்தேழாவது வீடு

கண்ணை இறுக மூடிக்கொண்டு ரிமோட்டை அழுத்திக்கொண்டிருக்கிறார் கோகிலவாணி. வலது, வலது, கீழே, இடது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு வீட்டின் பெயரை முணுமுணுக்கிறார். "மாமன் வூடு... சின்ன மாமன் வூடு... அதகப்பாடி அத்தை... தொப்பூர் பெரியப்பா." கண்ணைத் திறந்து டிவியைப் பார்க்கிறார். திரையில் மஞ்சள் கட்டம் தொப்பூர் பெரியப்பாவின் பெயர்மேல் சரியாக நிற்கிறது. "ம், சண்டை வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார்.

இண்டூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுப்பவர் கணவர் ரஞ்சித்குமார். அதை வெட்டி ஒட்டி டிவிடி ஆக்குவதும், டிவிடியைப் போட்டதும் முதலில் வந்து நிற்கிற மெனுவை வடிவமைப்பதும் கோகிலவாணி. இந்தக் காலத்திலும் டிவிடியா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "பென் டிரைவும் தர்றோங்க. அதுல மெனு எங்க இருக்குது? வெறும் ஃபைல் பேரு, அதுவும் ஏ, பி, சி வரிசையில. தாய்மாமன் பேரு வெங்கடாசலம்னா கடைசியில போயிக் கெடப்பாரு. ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் அவர் வாடிக்கையாளர்கள் கல்யாண டிவிடியைக் கல்யாணம் பார்ப்பதற்காகப் போடுவதில்லை. மெனுவில் தங்கள் வீட்டுப் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் போடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பட்டன். அழுத்தினால் அந்த வீட்டார் மேடையேறி நின்ற ஒரு நிமிடம் ஓடும். ரஞ்சித்குமாரோ கேமராவும் கையுமாக மண்டபத்தைச் சுற்றி வருகையில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் "உங்க வூடும் வந்துரும்ங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஆனால் ஒரு மெனுவில் முப்பத்தாறு பட்டன்களுக்கு மேல் வைக்க டிவிடி விடாது.

"முப்பத்தாறுங்க. சாமியே எறங்கி வந்து கேட்டாலும் முப்பத்தேழு கெடையாது."

அந்த முப்பத்தாறும் படம் சதுரமாக இருந்தால்தான். அகலத் திரை வேண்டும் என்றால் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் கோகிலவாணி கை வைத்த கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் இன்றைக்கும் சதுரத்துக்குள்தான் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பட்டனை இதய வடிவில் கேட்பவர்களும் உண்டு. "உள்ள இதயம் வரையறேனுங்க. ஆனா பட்டன்னா அது டப்பாதான். ஒரு டப்பா இன்னொரு டப்பா மேல ஏறவும் கூடாது." அடுத்த பக்கம் ஒன்று வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஒருமுறை வைத்தும் பார்த்தார். ரெண்டாம் பக்கம் என்பது கடைசிப் பந்தி மாதிரி என்று சொல்லி, அந்தப் பக்கத்து வீட்டார்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து வந்து ஸ்டுடியோ வாசலில் இறங்கினார்கள். அதோடு விட்டார். முழுக் கல்யாணத்தையும் பார்ப்பதற்கென்று ஒரு பட்டன் முன்பு இருந்தது. இடம் பற்றாமல் அதையும் எடுத்து ஒரு சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். இன்றுவரை ஒருவரும் வந்து தாலி கட்டுவதைக் காணோமே என்று கேட்டதில்லை.

இதைவிடப் பெரிய வேலை அம்புக்குறிகள். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் மேலே, கீழே, வலம், இடம் அழுத்தினால் எந்தப் பட்டனுக்குப் போக வேண்டும் என்று கோகிலவாணிதான் சொல்லிவைக்க வேண்டும். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அம்பு அம்பாக வரைந்து வைத்திருக்கிறார். பாப்பாரப்பட்டிக்காரர்களும் பென்னாகரத்துக்காரர்களும் பேசிக்கொள்வதில்லையா? அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு எந்த அம்பும் போகாது, நடுவில் யாராவது ஒரு பொதுவான அத்தை உட்கார்ந்திருப்பார். எந்த வீட்டில் யாருக்கு யாரோடு ஆகாது என்று அந்தந்த வீட்டாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "டிஸ்க்க எடுத்தா டிவிடி எல்லாத்தையும் மறந்துருதுங்க. சனங்கதான் மறக்க மாட்டேங்குறாங்க."

போன ஆவணியில் நடந்த வெண்மதி கல்யாணத்துக்கு, ஐந்தாறு மாதம் கழித்து, பெண்ணின் அப்பா முனிராஜ் முப்பத்தாறு வீடுகளின் பட்டியலை அவரே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். எண்ணிப் பார்த்த கோகிலவாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் முனிராஜின் மனைவி மலர்விழி தனியாக வந்தார்.

"என் கொழுந்தன் மாது பேரு அதுல இல்லைங்க."

போர்வெல் தண்ணீர்க் குழாய் யார் வரப்பில் போவது என்று அண்ணன் தம்பிக்குள் வந்த சண்டை. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. மாது கல்யாணத்துக்கே வரவில்லை என்றுதான் வெண்மதி நினைத்துக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் சைக்கிளில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அந்தச் சித்தப்பாதான்.

"வந்தாருங்க, நான் பாத்தேன். சொன்னா அவ நம்ப மாட்டேங்குறா. மாசமா இருக்கற புள்ள, இந்த ஏக்கத்தோடவே பிரசவத்துக்குப் போயிருவாளாட்டம் இருக்குது. எப்படியாவது காட்டிருங்க. ஆனா பேரு மட்டும் எழுதிராதீங்க, எங்க வூட்டுக்காரரு டிஸ்க்க ஒடச்சே போட்ருவாரு."

கோகிலவாணி மூன்று நாள் கையைப் பிசைந்தார். ரஞ்சித்குமாரின் இரண்டாவது கேமராவில் மாது இருந்தார். காட்டப் பட்டன்தான் இல்லை. மூன்றாம் நாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பட்டனே இல்லாமல் வந்தால்? மெனுவை யாரும் தொடாமல் இரண்டு நிமிடம் விட்டால், அது தானாகவே வேறொரு படத்துக்குப் போகும்படி வைக்கலாம். அப்படியே வைத்தார். ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார், மாது வந்தார். கோகிலவாணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

வளைகாப்பன்று டிவிடி தயார். கல்யாண டிவிடி வளைகாப்புக்குள் வந்துவிட்டால் அந்த ஸ்டுடியோவில் அது எக்ஸ்பிரஸ் வேகம். இப்போதெல்லாம் யார் வீட்டிலும் பிளேயர் இருப்பதில்லை என்பதால் விசேஷங்களுக்குக் கோகிலவாணியே பிளேயரோடு போய்விடுவார். போன பிறகுதான் தன் புத்திசாலித்தனத்தில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வீட்டார் கூடியிருக்கும் கூடத்தில் ரிமோட் எங்கே இரண்டு நிமிடம் சும்மா இருக்கும்? பத்து விநாடிகூட இருக்கவில்லை. தாய்மாமன் கிருஷ்ணப்பன் தன்னுடைய ஒரு நிமிடத்தை ஏழு முறை பார்த்தார். "சட்டை நல்லா வுழுந்திருக்குதில்ல?" என்று எட்டாவது முறையும் அழுத்தினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ரிமோட் கொஞ்சம் ஓய்ந்தது. ஒன்றே முக்கால் நிமிடம் ஆகியிருக்கும், அதகப்பாடி அத்தை வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். இரு கை நிறைய வளையலோடு வெண்மதி ஒவ்வொரு பட்டனாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்விழி கோகிலவாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிமோட்டு சூடாயிருச்சுங்க, ஒரு நிமிசம் குடுங்க" என்று வாங்கினார் கோகிலவாணி. சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு பேட்டரிகளையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, துடைத்துக் கிருஷ்ணப்பனிடமே திருப்பிக் கொடுத்தார்.

கிருஷ்ணப்பன் அழுத்தினார். தொடையில் தட்டிவிட்டு அழுத்தினார். எழுந்து டிவி பக்கத்தில் போய் அழுத்தினார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மெனு தன் நாதஸ்வரத்தை வாசித்தபடி அசையாமல் நின்றது. பிறகு தானாக மறைந்தது.

மண்டபம். கெட்டிமேளம். பந்திக் கூடத்துக் கதவருகே ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து மாது எட்டிப் பார்க்கிறார். கை நிறைய அட்சதை. மேடை அங்கிருந்து அறுபதடியாவது இருக்கும். கிரிக்கெட் பந்து எறிவதுபோல் ஓடிவந்து முழு பலத்தோடு வீசுகிறார். அத்தனையும் நடுவில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் வழுக்கைத் தலையில் விழுகிறது. அவர் பதறி எழ, மாது தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். மறுபடி வருகிறார், சட்டைப் பையிலிருந்து இன்னொரு பிடி எடுக்கிறார். துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வீசுகிறார்.

"சித்தப்பா!" என்று வெண்மதி வளையல் குலுங்க எழுந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எல்லோரும் முனிராஜைப் பார்த்தார்கள்.

முனிராஜ் விறுவிறுவென்று வந்து கிருஷ்ணப்பன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிப் பின்மூடியைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. தலையைத் தூக்கிக் கோகிலவாணியைப் பார்த்தார். கோகிலவாணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் படம் முடிந்து மெனு வந்துவிட்டது, மஞ்சள் கட்டம் தாய்மாமன் பெயர்மேல் நின்றது.

"பேட்டரி எங்க மச்சான்?" என்றார் கிருஷ்ணப்பன்.

முனிராஜ் திரும்பினார். "மறுக்கா வர எவ்வளவு நேரம்மா ஆவும்?" என்று கோகிலவாணியைக் கேட்டார்.

"ரெண்டு நிமிசங்க. யாரும் எதையும் தொடாம இருந்தா."

முனிராஜ் ரிமோட்டின் மூடியைப் பார்த்துப் பொருத்தினார். யார் கைக்கும் எட்டாதபடி அதைப் பீரோவின் மேல் தள்ளி வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.