வகுபடும் என்று தெரிந்த எண்

தீனதயாளன் சார் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இத்தனை வருஷமாகியும் அந்தக் குறை எனக்குத் தீரவில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ரூமில்தான் அவர் குடியிருந்தார். ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்சாரம் இறந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. தீபாவளிக்குக்கூட அந்தக் கதவை யாரும் வந்து தட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஒரே ஓர் எண். எழுதினால் முந்நூறு இலக்கத்துக்கு மேல் போகுமாம். நான் ஆறாவதோடு நின்றவன். "அதுல என்னத்தைங்க சார் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கெட்ட முட்டைய எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?"

"தண்ணியில போட்டா மெதக்கும்."

"உடைக்காமயே தெரிஞ்சுருதில்லீங்களா? இதுக்கும் அப்படி ஒரு சோதனை இருக்குதுங்க. போட்டுப் பாத்தாச்சு. இது பகு எண்ணு. சின்ன எண்ணுகளைப் பெருக்கித்தான் வந்துருக்குது. ஆனா எந்த எண்ணுகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மூணு, ஏழு, பதினொண்ணுன்னு கோடி கோடி தாண்டியும் பாத்துட்டேன். எதுல வகுத்தாலும் மிச்சம் நிக்குது."

கண்ணை மூடுவதற்குள், அதை மிச்சமில்லாமல் வகுக்கும் ஒரு எண்ணையாவது பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெயிண்டர் பெரியசாமி விடமாட்டான். "ஏனுங்க சார், உங்க எண்ணு குட்டி போட்டுருச்சுங்களா?"

"வயித்துலதான் இருக்குதுங்க சாமி. வெளிய வரமாட்டேங்குது" என்று சிரிப்பார். பல நாள் அவர் மனுஷரிடம் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நெஞ்சுவலிக்கு டாக்டரைப் பார்க்க சேலம் போனார். வழக்கம்போல ரூம் சாவியைப் பட்டறையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். பூஜையன்று எங்கள் பட்டறையில் எந்தச் சாமானும் ஓடக்கூடாது. வெல்டிங் மிஷின், கம்ப்ரஸர், சுத்தியல் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுவோம். "சார் மிஷினு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பெரியசாமி ரூமைத் திறந்து, கம்ப்யூட்டரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரமும் போட்டுவிட்டான். நல்ல மனசோடுதான் செய்தான்.

சார் அன்று சாயங்காலம் வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்தக் கணக்கு, கரண்ட் போனாலும் பேட்டரியில், சித்திரை மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றால் பழையபடி முதலிலிருந்துதான். அதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

பெரியசாமி பொரித் தட்டோடு ஓடிவந்தான். "அதுக்கும் ரெஸ்ட் குடுத்துருக்கறோமுங்க சார்."

சார் சரத்தைப் பார்த்தார். பொரியை வாங்கிக்கொண்டார். "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் நான் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அப்போதும் "மொதல்ல இருந்து போட்டுட்டேனுங்க" என்பதோடு சரி.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்போம். திட்டுகிற அளவுக்குக்கூட எங்களைச் சொந்தமாக நினைக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

போன புரட்டாசியில் ஆபரேஷனுக்காகச் சேலம் கிளம்பினார். அதோடு திரும்பவில்லை. எண்ணும் இன்றுவரை வகுபடவில்லை. கிளம்பும்போது என்னை ரூமுக்குள் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பெட்டியில் அந்தப் பழைய சந்தனப் பொட்டு காய்ந்துபோய் அப்படியே இருந்தது, துடைக்கவே இல்லை. ஒரு பட்டனைத் தொட்டுக் காட்டினார்.

"கணக்கை மாத்தி எழுதிட்டேனுங்க. இதை அமுக்கிட்டு நிறுத்துனா, உட்ட எடத்துல இருந்தே ஓடும். பூசைக்கு நான் வரலீன்னா, பெரியசாமிய உட்டுப் பொட்டு வெக்கச் சொல்லுங்க சாமி. மறுநாக் காத்தால நீங்க வந்து ஸ்விட்சைப் போட்டு உட்டுருங்க."