பாதி மேசை

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருந்தது. அதில் ஒரு பாதி படுத்திருக்கும், மறு பாதி சுவரோடு சாய்ந்து செங்குத்தாக நிற்கும். இரண்டு பேர் ஆட வந்தால் நிற்பதைப் படுக்கவைக்க வேண்டும். அப்படி இரண்டு பேர் சேருவது வருஷத்தில் நாலைந்து நாள்தான். மற்ற நாட்களில் நிற்கும் அந்தப் பாதிதான் எதிராளி. நல்ல எதிராளி என்றுதான் சொல்ல வேண்டும்: அடித்ததை அப்படியே திருப்பித் தரும், லீவு போடாது, சம்பளக் கமிஷன் பற்றிப் பேசாது. அதன் பச்சைப் பெயின்ட்டில், மேசை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், டிபன் தட்டு அளவுக்கு ஓர் இடம் வெளுத்துப் போயிருந்தது. அந்த வெளுப்பு முழுக்க ஒரே மனிதரின் கைவேலை.

அவர் எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க். உறைகளுக்கு எண் போட்டு, தபால் தலை ஒட்டி, ஜில்லா முழுவதற்கும் கடிதம் அனுப்புகிறவர். அவர் பேருக்கு ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடி அறையில் இருந்தார். மனைவி புத்தூரில் தாய்வீட்டில் இருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லையாம். "ஆபீஸ் அஞ்சு மணிக்கு முடியுது, நீங்க ஏழு மணிக்கு வரீங்க. நடுவுல என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆடுகிறேன் என்றிருக்கிறார் இவர். "யாரோட?" என்று அடுத்த கேள்வி. பலகையோடு என்று எந்தப் புருஷனாவது பெண்டாட்டியிடம் சொல்வானா? இவர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் புத்தூருக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

ஆபீஸில் நான் அவருடைய நண்பன் என்று பெயர். என்ன நண்பன்? ஐந்து மணி அடித்தால் ஐந்தே காலுக்கு நான் திருவானைக்காவல் பஸ்ஸில் இருப்பேன். வீட்டில் அப்படி ஓர் அவசரமும் கிடையாது. ஆறிய காப்பியும், பத்திரிகைகள் வருத்தத்துடன் திருப்பி அனுப்பிய என் நகைச்சுவைக் கட்டுரைகளும்தான் காத்திருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் இருந்து, அந்தப் பாதியைப் படுக்கவைத்து, எதிரே நின்றிருந்தால் அவருக்கு வீட்டில் சொல்வதற்கு ஒரு மனிதப் பெயர் கிடைத்திருக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எங்கள் துறையின் மண்டல விளையாட்டுப் போட்டிகள் திருச்சியில் நடந்தன. கபடி, கைப்பந்து, ஓட்டம், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. ஆண்கள் அணி டேபிள் டென்னிஸுக்கு ஆபீஸுக்கு மூன்று பேர் தேவை. டெஸ்பாட்ச்காரர் இருந்தார். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்த காரணத்தால் நான் சேர்க்கப்பட்டேன். கேப்டனாக எங்கள் சூப்பிரண்டு வந்தார். அவர் ஃபைலுக்குக் காத்திருப்பது போலவே பந்துக்கும் நிதானமாகக் காத்திருப்பார். ஃபைல் அவருக்காக நிற்கும், பந்து நிற்காது. இருந்தும் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். டெஸ்பாட்ச்காரர் யாரிடமும் தோற்கவில்லை. அரையிறுதியில் எதிரணிக்கு வயிற்றுக் கோளாறு.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் அவர் என்னைப் பஸ்ஸுக்குப் போகவிடாமல் நிறுத்தினார். அதுவே புதுசு. "நாளைக்கு அவங்க வராங்க," என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வருவதற்கு வேறு யார்? மூன்று வரி எழுதிப் போட்டாராம், ஒருநாள் வந்து பார் என்று. பள்ளிக்கூடம் விட்டு, புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, திருவெறும்பூர் பக்கம் இருந்த அந்த உள்ளரங்கத்துக்கு வந்து சேர நாலே முக்கால் ஆகுமாம். ஆட்டம் இரண்டு மணிக்கு. அதனால் அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார்.

அந்தக் காலத்து அணிப் போட்டியில் ஒன்பது தனி ஆட்டங்கள். ஆளுக்கு மூன்று. முதலில் ஐந்து ஜெயிக்கிற அணிக்கு வெற்றி, மிச்சத்தை ஆடமாட்டார்கள். டாஸ் ஜெயித்த அணியில், சீட்டில் முதலாவதாக எழுதப்பட்டவருக்கு முதல் ஆட்டமும், ஐந்தாவதும், கடைசி ஒன்பதாவதும். மூன்றாவதாக எழுதப்பட்டவருக்கு எட்டாவதோடு வேலை முடிந்தது. "டாஸ் விழுந்தா என் பேரை முதல்ல எழுதுங்க. சூப்பிரண்டு சார் மூணும் தோத்துடுவாரு. நீங்க ரெண்டு ஜெயிச்சு ஒண்ணு தோப்பீங்க. நாலுக்கு நாலு வரும். கடைசி ஆட்டம் நான், நாலரைக்கு மேல," என்றார். என்னுடைய தோல்வியையும் யாரோ இவ்வளவு அக்கறையாகத் திட்டத்தில் சேர்த்தது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

மறுநாள் டாஸ் எங்களுக்கே விழுந்தது. நடுவர் ஒரு படிவத்தை நீட்டினார். சூப்பிரண்டு அதை என்னிடம் தள்ளி, "நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கும்," என்றார். படிவத்தில் வரிசை எண், பெயர், பதவி என்று மூன்று கட்டம். பதினொரு வருஷமாக வருகைப் பதிவேட்டிலிருந்து தேநீர் விருந்து அழைப்பு வரைக்கும் பெயர் எழுதிப் பழகிய கை. பதவி என்ற சொல்லைப் பார்த்ததும் அது மூளையைக் கேட்காமல் ஓடிவிட்டது. ஒன்று, சூப்பிரண்டு. இரண்டு, உதவியாளராகிய நான். மூன்று, இளநிலை உதவியாளர், டெஸ்பாட்ச். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைத்தேன். சூப்பிரண்டு அந்தக் குறியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் குறிக்கு மேலே இருப்பதைப் படித்ததில்லை.

முதல் ஆட்டத்துக்கு நடுவர் சூப்பிரண்டின் பெயரை வாசித்தார். டெஸ்பாட்ச்காரர் உறையிலிருந்து மட்டையைப் பாதி உருவியிருந்தார். உள்ளே தள்ளிவிட்டார். நான் நடுவரிடம் ஓடினேன். கொடுத்த சீட்டை மாற்ற முடியாது என்றார். திரும்பி வந்து இவரிடம் என்னென்னவோ உளறினேன். "விடுங்க சார். சீனியாரிட்டிப்படிதான போகும்," என்றார். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதன் பிறகு எல்லாம் திட்டப்படியே நடந்ததுதான் கொடுமை. சூப்பிரண்டு இரண்டும் தோற்றார். நான் இரண்டு ஜெயித்து ஒன்று தோற்றேன். இவர் இரண்டும் ஜெயித்தார். நாலுக்கு மூன்று. எட்டாவது ஆட்டத்துக்கு இவர் மேசைக்குப் போனபோது மணி நாலே கால். ஜெயித்தால் எல்லாம் முடிந்துவிடும். தோற்றால் ஒன்பதாவது ஆட்டம் சூப்பிரண்டுக்கு, அதாவது கோப்பை எதிரணிக்கு.

முதல் கேமைப் பத்து நிமிஷத்தில் எடுத்தார். பிறகு கதவைப் பார்த்தார். அதிலிருந்து அந்த மனிதர் வேறு ஆள் ஆனார். அடிக்க வேண்டிய பந்தை அடிக்காமல் மெல்லத் தூக்கிப் போட்டார். ஐந்து பாயின்டுக்கு ஒரு தடவை துண்டை எடுத்து, ஈரமில்லாத முகத்தைத் துடைத்தார். இரண்டாவது கேமை விட்டுக்கொடுத்தார். மூன்றாவதில் இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு பாயின்டு போதும். சுலபமான பந்து ஒன்றை வலையில் போட்டார். டியூஸ். திரும்பவும் ஒன்று முன்னால் போவார், கதவைப் பார்ப்பார், சமமாவார். ஏதோ நடுக்கம் என்று கூட்டம் முணுமுணுத்தது. அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவர் நடுங்கவில்லை. புத்தூர் பஸ் ஒன்றைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியிலிருந்து சூப்பிரண்டு குரல் கொடுத்தார். "என்னப்பா இது, சீக்கிரம் முடி. அஞ்சு மணிக்கு இந்த ஹாலைப் பேட்மிண்டனுக்கு விடணும்."

"சரிங்க சார்," என்றார் டெஸ்பாட்ச்காரர். இரண்டே அடி. எதிராளி மட்டையைத் தூக்கவே இல்லை. மணி நாலு நாற்பது.

எல்லோரும் சூப்பிரண்டுக்குக் கை கொடுத்தார்கள். இரண்டு பேர் எனக்கும் கொடுத்தார்கள். ஆட்டத்தை எட்டோடு முடித்தது நல்ல வியூகம் என்று ஒருவர் பாராட்டினார். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, குடையும் கைப்பையுமாக அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். சூப்பிரண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். இவர் மேசையடியில் குனிந்து வலையின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுடுச்சாங்க?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"இப்பத்தாம்மா. அவருதான் மூணையும் ஜெயிச்சாரு," என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

என்னை ஒரு தடவை பார்த்தார். "நீங்க ஆபீஸ்ல தமாஷா பேசுவீங்கன்னு சொல்லியிருக்காரு," என்றார்.

என் நகைச்சுவைக்குக் கிடைத்த மிகப் பெரிய விமரிசனம் அதுதான். இவர் எழுந்து வலையைச் சுருட்டிக்கொண்டே, பஸ் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, கூட்டம் என்றார் அந்த அம்மாள். தான் ஆடியதைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கவில்லை. அப்புறம் ஆபீஸ் ஜீப்பில் சூப்பிரண்டின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது பார்த்தேன். தஞ்சாவூர் சாலையில் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில், நடுவே இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தார்கள். மறுநாள் அவரைக் கேட்டேன். மெயின்கார்டுகேட்டில் இறங்கி, அவங்க புத்தூர் பஸ், நான் ஸ்ரீரங்கம் பஸ் என்றார். அன்று சாயந்திரமும் மன்றத்திலிருந்து பந்து பலகையில் மோதும் அந்தச் சத்தம் கேட்டது. நான் ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

பத்து வருஷம் ஆகிறது. எந்த வரிசையில் எழுதியிருந்தாலும் வெற்றி எங்களுக்குத்தான் என்று பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரியாகவே வருகிறது. சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காகப் பழைய ஆபீஸுக்குப் போனேன். மன்றம் இருந்த இடத்தில் பதிவறை வந்துவிட்டது. படுத்திருந்த பாதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நிற்கும் பாதி அப்படியே நிற்கிறது, அறிவிப்புப் பலகையாக. அதன் நடுவில், துறையின் புதிய சீனியாரிட்டி பட்டியலை நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டியிருந்தார்கள். சூப்பிரண்டு ஓய்வு பெற்றதால் பட்டியலில் இல்லை. டெஸ்பாட்ச்காரர் இருந்தார், பெயருக்கு எதிரே தர்மபுரி என்று போட்டிருந்தது. கீழ் மூலைப் பின்னைக் கழற்றித் தாளைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அந்த வெளுப்பு அப்படியே இருந்தது.

பின்னால் ஒரு புதுப் பையன், கையில் ஃபைலோடு நின்று, "என்ன சார், உங்க பேரு இருக்குதா?" என்று கேட்டான்.

இருக்கிறது என்றேன். அவர் பெயருக்கு மேலேதான் இருந்தது. தாளை இறக்கி, பின்னைத் திரும்பக் குத்தினேன்.