முட்டியளவுக் களை

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால், எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நிலம். அண்ணன் தம்பி வழக்கில் விற்க முடியாமல் கிடந்தது. சும்மா கிடப்பானேன் என்று மூத்தவர் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, போர் தண்ணீரும் விட்டு, ஃபிளாட்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். நாங்கள் தக்காளி வளர்க்கிற லட்சணத்தைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருப்பார், வெளியே காட்டிக்கொண்டதில்லை. அவர் போட்டது ஒரே சட்டம்: களை அவர் முட்டியைத் தொட்டால் பாத்தி கை மாறும். ஆள் நெட்டை. அதனாலேயே பிழைத்த சோம்பேறிகள் அங்கே நிறையப் பேர்.

முழுப் பாத்தியைத் தனியாகப் பார்க்க என் இடுப்பு ஒத்துழைக்காது. ஓர் அக்காவோடு பாதிப் பாதி எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு வரிசைச் செங்கல், அவ்வளவுதான். அக்கா கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர், வாயும் என்னைவிட நீளம். என் வாயையே வீட்டில் யாரும் தாங்க முடியாது என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது. அவர் கணவர் ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையரானவர். அவருடைய பழைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் அக்கா மண்ணில் இறங்குவார். அந்த மனிதர் மட்டும் ஒருநாளும் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லை. "அவருக்கு டிவி இருந்தா போதும், நான் எங்க கீறேன்னு கூட கேக்க மாட்டாரு" என்பார் அக்கா.

ஆடி பிறந்த வாரத்தில் அக்கா இறந்துபோனார். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக்கூடாதா என்று பல நாள் பொருமினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தோட்டத்துக் கேட்டைத் திறக்கிறேன், எங்கள் பாத்தியில் காக்கிச் சட்டை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. "அக்கா" என்று கூப்பிட்டே விட்டேன். திரும்பியவர் அவர் கணவர்.

"நீதான் அந்தப் பக்கத்து ஆளாம்மா?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் இங்க வந்துட்டுதான் போனா. எதையோ போட்ருக்கா. எது அவ போட்டதுன்னு எனக்குத் தெரில. அதான் எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திகினு கீறேன்."

அக்காவின் பாதியில் அங்கங்கே பச்சை தலைகாட்டியிருந்தது. எல்லாம் களை. எனக்குத் தெரியும். அந்தக் கடைசி நாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். அக்கா இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணைக் கிளறி, "கொஞ்சம் ஆறட்டும்" என்று சும்மா விட்டுவிட்டுத்தான் எழுந்தார். ஒரு விதைகூடப் போடவில்லை. ஆனால் அந்த மனிதர் குவளையால் மொண்டு மொண்டு, இலை நோகாமல் ஊற்றுவதைப் பார்த்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை ஆரம்பித்ததும் சொல்ல வேண்டுமா. குப்பைமேனி, மூக்கிரட்டை, நாயுருவி, கோரை, எல்லாம் போட்டி போட்டு எழும்பின. பார்த்தீனியத்தைக் காட்டி, "இது கேரட்டாம்மா?" என்று கேட்டார். "வளரட்டும்ணே, பாப்போம்" என்றேன். தொட்டால் அரிக்கிற சனியன் அது. அதற்குப் போய்க் குச்சி நட்டு முட்டுக்கொடுத்தார்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். யாருமே போடாத செடிகள், செத்தவர் பேரைச் சொல்லிக்கொண்டு வெறும் தரையிலிருந்து எழுந்து வந்தன. என் வெண்டை நோஞ்சானாக நிற்க, செங்கல்லுக்கு அந்தப் பக்கம் மட்டும் அப்படி ஒரு தளதளப்பு. தினமும் காலையில் கேட்டைத் திறக்கும்போது அந்தச் சட்டை தெரியும். அவர்தான் என்று தெரிந்தும் கேட்டைப் பிடித்தபடி ஒருமுறை நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

கடைசியில் நிலத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், என் முட்டியத் தாண்டிட்ச்சி. துக்க ஊட்டுக்காரராச்சேன்னு வாயத் தொறக்காம கீறேன். பக்கத்துப் பாத்திக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க. அந்த எடத்துக்கு ஒரு புருசன் பொஞ்சாதி காத்துகினு கீறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்வதற்குள் அவரே அக்கா கணவரிடமும் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை எனக்கு முன்பே வந்து காத்திருந்தார் மனிதர்.

"நேத்து கல்லறைக்குப் போனேன்மா. சிமெண்ட் போட்டு மூடி வச்சிட்டாங்க. மெழுகுவத்தி ஏத்தினேன், பூ வச்சேன், ஒண்ணும் தோணல. இங்கதான் அவ எதையோ உட்டுட்டுப் போயிருக்கா." செடிகள் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்துடறேன். அவ போட்டது ஒண்ணே ஒண்ணை மட்டும் காட்டு. அத ஊட்டுக்கு எடுத்துகினு போய்டறேன்."

ஓரத்தில் ஒரு தும்பை, வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. விரலை நீட்டினால் போதும், தீர்ந்தது. விரல் எழும்பவும் செய்தது. ஆனால் தும்பைக் களையைப் போய் அக்கா நட்டார் என்று சொன்னால் அந்த ரோஷக்காரி என்னைச் சும்மா விடமாட்டார்.

"அக்கா ஒண்ணும் போடலண்ணே. எல்லாத்தையும் பிடுங்கிட்டு மண்ணைச் சும்மா விட்டாங்க. இது எல்லாமே தானா வந்தது."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லண்ணே."

அவர் அழுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தார். அவ்வளவு நாள் இலை நோகாமல் தண்ணீர் ஊற்றிய கை, கொத்துக் கொத்தாகப் பிய்த்து எறிந்தது. தும்பையும் போனது. நானும் இறங்கிப் பிடுங்கினேன். வெயில் ஏறுவதற்குள் பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. கடைசி நாளில் அக்கா விட்டுப்போனது போலவே கிடந்தது. நிலத்துக்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கிட்டே வராமல் போய்விட்டார். நாளை அந்தப் புருசன் பொஞ்சாதி வந்துவிடுவார்கள்.

"அவ எங்க ஒக்காருவா?" என்று கேட்டார்.

செங்கல்லை ஒட்டின இடத்தைக் காட்டினேன். மண்ணைக் கையால் தடவிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். "நான் சும்மா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன். நீ ஒன் வேலையப் பாரும்மா."

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கத்தரிக்குத் திரும்பினேன். எனக்கும் அக்காவுக்கும் களைக்கொத்து ஒன்றுதான். நான் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டுவேன், அக்கா கேட்காமலே எடுத்துக் கொடுப்பார். கத்தரி அடியில் ஒரு கோரை தெரிந்தது. பழக்கத்தில் கை பின்னால் போய்விட்டது. நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இழுத்துக்கொள்வதற்குள் களைக்கொத்தின் பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

கோரையைக் கொத்தி எடுத்தேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.