சந்து இப்போது இரண்டடி நாலங்குலம்

டேப்பின் நுனியைத் தன் வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "அந்தப் பக்கம் நல்லா இழுத்துப் பிடி, தொங்க விடாத" என்கிறார் ஏழுமலை.

"ஏன்யா, நேத்துதானே அளந்த? ஒரே நாள்ல சந்து வளர்ந்துடுமா?" என்கிறாள் மனைவி சுலோசனா.

"வளராது. குறைஞ்சாலும் குறையும். பக்கத்துல இருக்கிறது ஹல்தார்."

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் சக்கரத்தின் தேய்மானம் அளப்பது ஏழுமலையின் வேலை. ஒரு நூல் குறைந்தால் வண்டியை ஒதுக்கிவிடுவார். எந்த ஆபீசர் வந்து கெஞ்சினாலும், "சக்கரத்துக்கிட்ட சொல்லுங்க சார்" என்பார். பெஹாலா மார்க்கெட்டில் மீனைக்கூடச் சாண் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்.

போன துர்கா பூஜைக்கு முன்னால், ஹல்தார் கீழிருந்தே சுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறை எழுப்பினார். பெயிண்ட் அடித்து, அக்கம்பக்கத்துக்கு ரசகுல்லாவும் கொடுத்துவிட்டு, இப்போதுதான் கார்ப்பரேஷனில் அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பாஸாகிவிட்டால் சுலோசனாவின் சமையற்கட்டுக்கு இனி வெளிச்சமே கிடையாது. இப்போதே பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் கீரை ஆய்கிறாள். ஏழுமலை ரசகுல்லாவையும் தின்றார், ஆட்சேபணையும் எழுதிக் கொடுத்தார்.

கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் பார்க்க வந்த அன்று ஏழுமலை டேப்பின் மறுமுனையை ஹல்தார் கையிலேயே கொடுத்தார். "பிடிங்க தாதா" என்று வங்காளி முறையில் அண்ணன் போட்டார். "அப்புறம் மதராஸி பொய் சொன்னான்னு பேசக்கூடாது."

நாலடிச் சந்தில் மிச்சம் இரண்டடி நாலங்குலம்.

ஹல்தார் சளைக்கவில்லை. மேலே கையைக் காட்டினார். "உங்க ஜன்னல் ஸ்லாப் மட்டும்? அதுக்கு யாரைக் கேட்டீங்க தாதா?"

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். மழைச்சாரலுக்காக அவரே கூட நின்று போட்ட ஸ்லாப். ஸ்டூலில் ஏறி அளந்தார். "சந்துக்குள்ள பதினோரு அங்குலம் நீட்டியிருக்கு. எழுதிக்குங்க சார்."

"உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது?" என்று சுலோசனா பல்லைக் கடித்தாள்.

"அளந்தாச்சே."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை விசாரணை. அதுக்குள்ள ரெண்டு பேரும் ராசியாயிடுங்களேன். அவர் உங்க ஸ்லாபை விடட்டும், நீங்க அவர் அறையை விடுங்க." ஹல்தார் வேகவேகமாகத் தலையாட்டினார். ஏழுமலை டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹல்தார் டீக் கோப்பையோடு புது அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஏழுமலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, தன் ஸ்லாபின் மேல் சம்மட்டியால் முதல் அடி போட்டார்.