கிருத்திகை இலையில் உப்பு

ஆறுமுகன் திருவடி துணை நிற்க. எண்பதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை நன்னாள். ஓமலூர் அருகே முருகன் கோயிலில் உப்பில்லாச் சோறுண்டு விரதமிருந்தோம். இளம்பிள்ளையிலிருந்து வந்திருந்த நெடிய தறிக்காரர் மட்டும், மெல்ல நடுங்கும் விரல்களால் பொட்டலம் பிரித்து இலையில் உப்பிட்டுக்கொண்டார்.

“கிருத்திகையும் அதுவுமா உப்புங்களா?” என்றேன்.

“ஒரு மாசம் தறிய உட்டு எந்திரிக்க மாட்டேன், மறுமாசம் பாய உட்டு எந்திரிக்க மாட்டனுங்க. இந்த மனசு நோவுக்குப் பல மாத்திரை மாத்தி ஒண்ணு ஒத்துக்கிச்சு. போன வருசம் விரதம்னு உப்ப உட்டேன். உப்பு கொறஞ்சதும் அந்த மாத்திரையே ஒடம்புல தேங்கி வெசமாயி ஆஸ்பத்திரியில கெடந்தனுங்க.”

சோற்றைப் பிசைந்தபடியே தொடர்ந்தார்: “காதுல ஒரு கொரலு இன்னும் கேக்குதுங்க சாமி. முருகனாட்டமே பேசும். இப்பவும் உப்பத் தொடாதேங்குது. என்னையச் சாகச் சொல்றது எம்பட முருகனா இருக்காதுங்க.”

பிறகு அமைதியாக உண்டார். நாள்தோறும் பதிகம் ஓதும் எனக்கு, இறைவன் பெயரால் வரும் குரலை இவ்வளவு உறுதியாக மறுக்கும் பக்தி வாய்த்திருக்குமா, அறியேன். படிப்போர் யாவரும் தெளிந்த சித்தத்தோடு நீடு வாழ்க.