தங்கக்கா போட்ட தரை

நசுக்கிய பூண்டை ஈரச் சாக்கில் கட்டி வைத்து நாலு நாள் மறந்துபோனால் ஒரு வாடை வருமே, கார்பைட் கல்லின் மேல் தண்ணீர் பட்டாலும் ஏறக்குறைய அதே வாடைதான். அந்த வாடை எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் குடியிருந்தது. சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது, அக்காவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த பட்டுப்புடவையைக்கூட விடவில்லை. போதாததற்கு, கார்பைட் கரைந்து மிஞ்சிய வெள்ளைச் சேற்றை வீணாக்குவானேன் என்று அம்மா அதையே எடுத்துக் கல்யாண வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டாள். சுண்ணாம்பைவிடப் பளிச்சென்று இருந்தது உண்மைதான். ஆனால் கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்தவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்ததும், "என்னம்மா, ஊறுகாய் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்குக் கடலை எண்ணெய்க் கடை. சினிமா, சீட்டு, வெற்றிலை எதுவும் இல்லாத மனிதர். இந்தக் குறையை எல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி, யாரோ ஒரு மில் முதலாளி வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய சீமைக் காரை வாங்கி வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கம் கருவேல மர நிழலில் நிறுத்தியிருந்தார். முன்னால் பதித்திருந்த எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து போனதால் அது எந்தத் தேசத்துக் கார் என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அப்பா இங்கிலாந்து என்பார். எதிர்வீட்டு வாத்தியார் அமெரிக்கா என்பார். கோழிகளுக்குத் தெரிந்திருக்கலாம். எப்படியோ அதைத் தேய்த்து, ஓட்டி, முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்குத் தானே டிரைவராக உட்கார்ந்து கொண்டுபோகும் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

பாலவனத்தத்தில் நடந்த ஒரு மாப்பிள்ளை அழைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேல்மூடியை மடக்கிவிட்ட காரில் மாப்பிள்ளை எழுந்து நின்று ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். துருப்பிடித்திருந்த தரை அந்தக் கும்பிடைத் தாங்கவில்லை. வலது கால் தகரத்தைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை ரோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் எழுந்த கூச்சலை வாழ்த்தொலி என்று நினைத்துக்கொண்ட அப்பா இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்க, மாப்பிள்ளை காருக்குள் உட்கார்ந்தபடியே ஒற்றைக் காலால் ரோட்டில் பத்தடி ஓடினார். புதுச் செருப்பு ஒன்று போனதோடு சரி, காலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கதைக்குக் கால் முளைத்துப் பந்தல்குடி வரை போய்விட்டது.

பந்தல்குடியில்தான் என் அக்கா தங்கத்துக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா மூன்று லாரி வைத்திருந்தார். உட்கார்ந்தால் நாற்காலி தெரியாத உருவம். அவர் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: "கார்லாம் வேணாம் சம்பந்தி. எம் மகனுக்கு ரெண்டு காலும் வேணும். நாங்க வேன்லயே வாரோம்."

வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். அப்பாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போன காரு, எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போகலேன்னா, மறுநாளே அதை எடைக்குப் போட்டுருவேன்" என்றார். அப்பா சொன்னால் செய்கிறவர். கருவேல மரத்தடியில் அந்தக் கார், தன்னைப் பற்றிப் பேசுவது தெரியாத கிழ மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

உடனே டிங்கர் சுலைமான் அண்ணன் வரவழைக்கப்பட்டார். கார்பைட் டிரம்மும் குழாயுமாகத் தன் கேஸ் வெல்டிங் சாமான்களை எல்லாம் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கி, மூன்று நாளில் துருப்பிடித்த தரையை இரண்டு பக்கமும் முழுசாக வெட்டி எடுத்துப் போட்டார். கதவடியில் அரித்திருந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டார். புதுத் தகடு இரண்டு வாங்கி வைத்தார். நாலாம் நாள் அவருக்குத் துபாய் விசா வந்துவிட்டது.

"போயிட்டு வந்து முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி."

"எப்பய்யா வருவ?"

"ரெண்டு வருசத்துல."

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. டவுனில் மற்ற டிங்கர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தவன் வெட்டியதை நாங்கள் தொடமாட்டோம் என்று போய்விட்டார்கள். அது அவர்கள் தொழில் வழக்கம். ஆக, தரையே இல்லாத ஒரு கார், வாடகைக்கு விட்டது மாதிரி எங்களிடம் தங்கிவிட்ட கேஸ் சாமான்கள், பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். உலகம் என்னை அழைப்பதாக நான் புரிந்துகொண்டேன்.

நல்ல தகட்டில் கை வைக்கப் பயந்து, முதலில் எங்கள் கடை எண்ணெய் டின்னை வெட்டி அதில் பழகுவது என்று முடிவு செய்தேன். எண்ணெய்க் கடைக்காரன் மகன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. டின்னின் மடிப்பில் ஒளிந்திருந்த கடலை எண்ணெய் குப்பென்று பிடித்துக்கொண்டு என் இடது புருவத்தை வாங்கிக்கொண்டது. அக்கா கல்யாண போட்டோவில் எனக்கு இரண்டு புருவம் இருக்கிறதென்றால், அதில் ஒன்று அவளே கண்மையில் வரைந்தது.

புருவம் போனாலும் ரோசம் போகுமா? மறுநாளே நல்ல தகட்டைக் காரில் வைத்துப் பற்றவைக்க இறங்கினேன். ஒரு முனையில் ஆரம்பித்து, கை எடுக்காமல், மூச்சு விடாமல், மறுமுனை வரை ஒரே இழுப்பு. நேராக வந்த கோட்டைப் பார்த்து நானே அசந்துபோய் நிற்கையில், தகடு "டக்... டக்" என்று முனகியது. என் கண்ணெதிரிலேயே நடுவில் எழும்பி, ஓரம் சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளமாகிவிட்டது.

அடுப்படிச் சன்னலோரம் மிஷினில் தன் கல்யாண ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்த தங்கக்கா எழுந்து வந்து அப்பளத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து ஓரத்தைத் தடவினாள்.

"ஏலே, கழுத்துப்பட்டி வைக்கும்போது ஒரு ஓரத்துல இருந்து ஒரே ஓட்டமா ஓட்டுனா என்னாகும்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கடைசியில துணி மிஞ்சிக் கொசகொசன்னு நிக்கும். நடுவுல ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு, இந்தக் கோடியில ஒண்ணுன்னு முதல்ல அங்கங்க பிடிச்சு நிப்பாட்டணும். சுலைமான் அண்ணன் அப்படித்தானே வச்சாக, கதவடியில? நீ பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. சுலைமான் அண்ணன் வேலை செய்த மூன்று நாளும் நான் பக்கத்திலேயே நின்று, அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை மட்டுமே பார்த்திருந்தேன். அவள் சன்னல் வழியே கையைப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து தையல் மிஷின் ஓய்ந்தது. புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் காருக்குள் இறங்கினாள். முதலில் என் வெல்டிங்கை உளியால் வெட்டி எடுத்தாள். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. கெட்டியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பளத்தை மரச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கினாள். பழைய செய்தித்தாளைத் தரைப்பள்ளத்தில் விரித்து, விரல் நகத்தால் ஓரம் கீறி, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டி, அந்தக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற அதே முகம். பிறகு நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு "பாயிண்ட்". ஈரத்துணியை அதன்மேல் வைத்து ஆறவிடுவாள். எதிர்க்கோடியில் ஒன்று. ஈரத்துணி. இரண்டுக்கும் இடையில் ஒன்று. கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்திருந்த எனக்கு, இப்படியே போனால் அவள் பேரன் கல்யாணத்துக்குத்தான் கார் கிளம்பும் என்று பட்டது.

தகடு உருகி ஓட்டை விழவே இல்லையா என்றால், விழுந்தது. முதல் நாள் ஏழெட்டு. ஒவ்வொன்று விழும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஏன் விழுந்தது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு கம்பியை உருக்கி அதை அடைப்பாள். அடுத்த வாரம் ஓட்டை நின்றுவிட்டது.

அம்மாவுக்கு இரண்டு கவலை. ஒன்று, "கல்யாணப் பொண்ணு மூஞ்சில பொறி தெறிச்சா மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" இரண்டாவது, தண்ணீர். கார்பைட் டிரம்முக்குத் தண்ணீர், ஈரத்துணிக்குத் தண்ணீர். நாலு நாளைக்கு ஒருதரம் குழாய் முனகுகிற ஊரில் இது கொலைக்குச் சமம். ஆகவே, கிணற்று உப்புத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிற பொறுப்பு முழுவதும் எனக்கு வந்தது. அப்பா? மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது வாசலிலேயே நின்று இரண்டு முறை கனைப்பார். அக்கா காரிலிருந்து இறங்கி உள்ளே போன பிறகுதான் நுழைவார். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் மட்டும் தனியாகப் போய், தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால், அழைப்பிதழ் விஷயமாக வந்த மாதிரி சம்பந்தி வந்தார். காப்பி குடித்தார். "எங்க அந்தக் காரு?" என்றார். அப்பா முகத்தில் ரத்தம் இல்லை. வந்தவர் காருக்குள் ஏறி, தரையில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, குதித்தார். லாரிக்காரர் குதி, சும்மா இல்லை. ஸ்பிரிங் அலறியது, கருவேல மரத்திலிருந்து காக்கை கிளம்பியது. இடது பக்கம் மூன்று தரம், வலது பக்கம் மூன்று தரம். அடுப்படிச் சன்னலில் அக்காவின் இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருந்தன.

தரை அசையவில்லை. அவர் கீழே இறங்கி, உருவம் ஒத்துழைக்காவிட்டாலும் மண்ணில் படுத்து, அடியிலும் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரில்ல இருக்கு! யாரு கை இது?"

சுலைமான் அண்ணன் கிளம்பிப் போனது அவருக்கே தெரியும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மரத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கேஸ் வெல்டிங் வைத்தாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

"நாந்தான் மாமா" என்றேன்.

குடும்ப மானத்துக்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் முதுகில் தட்டிய தட்டு இனித்தது என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அக்கா அங்கே இல்லை.

மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்தார். எழுந்து நின்றுகூடக் கும்பிட்டார். அப்பா ஓட்டினார் என்பதைவிட, கார் தானாக ஓட அவர் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தார் என்பது சரியாக இருக்கும்.

மூன்று மாதம் கழித்து, அம்மா கொடுத்துவிட்ட சீடையும் முறுக்குமாகப் பந்தல்குடி போய் இறங்கினேன். வாசலிலேயே சம்பந்தி மாமா, "வாய்யா வெல்டரு! ஒனக்காகத்தான் காத்துக் கிடக்கேன்" என்றார். லாரி நின்றுகொண்டிருந்தது. மட்கார்டு அடிப்பக்கம் அரித்துப்போயிருந்தது. கேஸ் சாமான், தகடு, கம்பி எல்லாம் வாடகைக்கு எடுத்துத் தயாராக வைத்திருந்தார். சுற்றிலும் டிரைவர்கள், கிளீனர்கள்.

வயிற்று வலி என்றேன். சோடா வந்தது. வேறு வழியில்லாமல் பற்றவைத்தேன். ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதை அடைக்கப் போய்த் தோசை அளவுக்கு ஆயிற்று.

"என்னண்ணே, சன்னலா வைக்கிறீக?" என்றான் ஒரு கிளீனர்.

சிரிப்புக்கு நடுவே கொலுசுச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து தங்கக்கா வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மாமனார் நிற்கிறார், ஆம்பிளைகள் நிற்கிறார்கள், அதெல்லாம் கண்ணிலேயே இல்லை. பாழாகிக்கொண்டிருந்த தகட்டை மட்டும் பார்த்தாள்.

"தள்ளுடா."

நடுவில் ஒரு பாயிண்ட். எதிர்க்கோடியில் ஒன்று. சிரிப்பு ஓய்ந்தது. யாரோ கேட்காமலே ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தான். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், முடிகிற வரை எழவில்லை. முடிந்ததும் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். அடியில் பார்த்தார். அக்கா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி முகம் மாறியது.

"அப்ப அந்தக் காருத் தரை?"

"நாந்தான் மாமா" என்றாள்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, அப்ப நீ என்னதான்யா செஞ்ச?"

"தண்ணி எறச்சேன் மாமா."

மூன்று லாரிகளும் கிடுகிடுக்கிற மாதிரி சிரித்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "ஏலே, அந்த ரெண்டு வண்டியையும் கொண்டாந்து நிப்பாட்டுங்கடா. ஆத்தா, நீ மொதல்ல சோறு தின்னுட்டு வா" என்றார். அதன் பிறகு எந்த விசேஷ வீட்டிலும், "எம் மருமக போட்ட தரையில நான் ஆறு தரம் குதிச்சிருக்கேன், தெரியுமா?" என்று ஆரம்பிக்காமல் அவர் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

மாமா இன்று இல்லை. லாரிகள் இல்லை. சீமைக் காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போய்ப் பல வருடமாகிறது. கருவேல மரம் நின்ற இடத்தில் செல்போன் கடை. கார்பைட் வாடை எப்படி இருக்கும் என்று என் மகனுக்கு விளக்க, நான் பூண்டில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் மதுரையில் என் கார்க் கதவு ஆட்டோவில் உரசி நெளிந்துவிட்டது. கண்ணாடிச் சுவரும் ஏசியுமாக இருந்த பட்டறையில் ஒரு பையன், "இந்த மாடலுக்கு வெல்டிங்கே கிடையாது சார். மேல்தகட்டை எடுத்துட்டுப் புதுசு ஒட்டிருவோம், பசைதான்" என்றான். அங்கிருந்தே பந்தல்குடிக்குப் போன் போட்டு, தங்கக்காவிடம் இந்த அநியாயத்தைச் சொன்னேன்.

"பசை வச்சா ஒட்டுறாக? அப்ப பட்டறைக்கு எதுக்குடா போன? அதை நீயே செய்யலாமே."