சைகோனிலிருந்து வந்த மாத்திரை டப்பா

இரண்டு முறை கரு கலைந்த பிறகு என் மனைவி மறுபடியும் கருவுற்றாள். நான்காம் மாதம் புதுச்சேரி டாக்டர், கோதுமை முளையிலிருந்து எடுத்த வைட்டமின் ஈ எண்ணெயைக் கொடுத்து, தினம் ஐந்து சொட்டு மட்டும் தரச் சொன்னார். அதே வாரம் சைகோனில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒரு டப்பா மாத்திரை அனுப்பினார். கரு தங்க நல்லது என்று எழுதியிருந்தார். டப்பாவில் இருந்தது பிரெஞ்சு எழுத்து. எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். எண்ணெய் வேறு, மாத்திரை வேறு என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டையும் கொடுத்துவந்தேன்.

பதினைந்தாம் நாள் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. துணி நனைந்தும் நிற்கவில்லை. பாகூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். மாத்திரை டப்பாவை மடியில் கட்டிக்கொண்டேன்.

“அங்கயாவது வாயத் தொறந்து சொல்லுங்க,” என்றாள் அவள்.

டாக்டரின் கம்பவுண்டர் டப்பாவை வாங்கி வாசித்தார். “இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? இதுவும் அதே வைட்டமின்தான். ஒரு மாத்திரையே அஞ்சு சொட்டுக்குப் பல மடங்கு. தினம் எத்தினி குடுத்த?”

“மூணு,” என்றேன்.

டாக்டர் இரண்டையும் நிறுத்தினார். ரத்தம் அதனால்தான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, வயிற்றில் அசைவு தெரிகிறது என்று மனைவி சொன்ன பிறகே எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது வீட்டிலுள்ள மருந்தையெல்லாம், உறவினர் அனுப்பியது உட்பட, ஒரே பையில் எடுத்துப் போகிறேன். டாக்டர் முன் எனக்கு இன்றும் பேச்சு வருவதில்லை. பையை அவர் மேஜைமேல் கவிழ்த்துவிடுகிறேன்.